எலினோர் நினைவுச் சன்னல்

ஏப்ரல் 9, செவ்வாய்

நேற்று சூரிய கிரகணம் பார்க்க வந்த கூட்டம் போய்விட்டது. குப்பை போகவில்லை. சதுப்பு நிலத்து நடைபாதை நெடுக அட்டைக் கண்ணாடிகள், சிப்ஸ் பைகள், நாணலுக்குள் ஒரு மடக்கு நாற்காலி. இயற்கையின் அற்புதத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் கண்ணைத் துடைத்த காகிதத்தையும் இங்கேயே போட்டுப் போயிருக்கிறார்கள்.

பொறுக்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் லைல் பெட்டிகர் காப்பியும் கையுமாக வந்தார். "வெர்னா, புதுக் கட்டடம் திறப்பு விழா மே பதினொண்ணு. ஆபத்துச் சுவர் உங்க பொறுப்பு."

ஆபத்துச் சுவர் என்றால் நுழைந்ததும் எதிரே வரும் பெரிய சுவர். மனிதர்களால் காட்டுயிர்களுக்கு நேரும் மிகப்பெரிய ஆபத்துகளை அதில் எழுத வேண்டும். இந்தச் சரணாலயத்தில் இத்தனை வருடமாகப் பலகை எழுதுகிறேன். 'தவளைகளைத் தொடாதீர்கள்' என்னுடையது. 'வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்கள்' என்னுடையது. இரண்டையும் யாரும் மதித்ததில்லை. இப்போது ஒரு முழுச் சுவர்! மனசுக்குள் குதித்தேன், மறைப்பானேன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஸ்டான் தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லா ஆபத்தும் ஒரே சுவத்துல அடங்குமா?"

ஏப்ரல் 12, வெள்ளி

கட்டடம் முடிந்துவிட்டது. ஈரி ஏரியைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி, இரண்டு மாடி உயரம். வெளியே நின்று பார்த்தால் ஏரி, வில்லோ மரங்கள், வானம் எல்லாம் அதற்குள்ளும் இருக்கின்றன. கொடுத்தவர் ஓரின் புக்ஹோல்ட்ஸ். டொலீடோவில் கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருந்தவர். மூடுவதற்கு முன் அவர் உலையில் வார்த்த கடைசிப் பெரிய தகடுகள் இவை. மனைவி எலினோர் இந்தக் கரையில்தான் வசந்தம் தோறும் பறவை பார்ப்பார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பித்தளைத் தகட்டில் 'எலினோர் புக்ஹோல்ட்ஸ் நினைவுச் சன்னல்'.

எங்கள் ஊரில் பெயர் வைக்காத பொருள் கிடையாது. பெஞ்சுக்குப் பெயர், செங்கல்லுக்குப் பெயர், தண்ணீர்க் குழாய்க்குப் பெயர். ஆண்கள் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் காலஞ்சென்ற ஒரு பல் மருத்துவரின் நினைவாக ஊதுகிறது.

ஓரின் தினமும் காலை ஒன்பதுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். இன்று கைக்குட்டையால் ஒரு விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா வெர்னா? அங்க கண்ணாடி இருக்கிறதே தெரியல!"

"தெரியலதான்" என்றேன்.

மத்தியானம் வந்து மோதிய ஒரு ராபின் பறவைக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

சுவருக்கான முதல் வரைவை நிர்வாகக் குழு முன் வைத்தேன். ஏழு ஆபத்துகள். சதுப்பை நிரப்பி வீடு கட்டுவது, வயலிலிருந்து ஏரிக்கு ஓடிவரும் உரம், சாலைகள், பூமி சூடாவது, அளவு மீறிப் பிடிப்பது, வீட்டுப் பூனைகள், கண்ணாடி. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது. நன்றாகவே எழுதியிருந்தேன்.

வீடு கட்டி விற்பவர் கனைத்தார். "கட்டறதுன்னா ஏதோ குத்தம் மாதிரி படுது. 'மாறிவரும் நிலப்பரப்பு'ன்னு போடலாமே?"

உர வியாபாரி, "கோடையில ஏரி பச்சையாப் போறதுக்கு எங்க உரம் மட்டுந்தான் காரணமா? வெயிலும்தான்" என்றார்.

அப்படியானால் வெயிலை எழுதுவோம் என்றேன். வெயில் அரசியல் என்று நான்கைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

கார் விற்பவர் சாலையை எடுக்கச் சொன்னார். குழுத் தலைவி ரோஸ்லினுக்கு ஐந்து பூனைகள். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. குரல் மட்டும் வந்தது. "என் மஃபின் ஒரு குருவியைக்கூடக் கொன்னதில்ல. அவன் பரிசாதான் கொண்டுவருவான்."

கண்ணாடி என்ற வரியை லைல் தானே அடித்துவிட்டார். "வெர்னா, ஓரின் தினம் இங்கதான் உக்காந்திருக்கார். கொஞ்சம் இங்கிதம் வேணாமா?"

ஏப்ரல் 23, செவ்வாய்

இரண்டாவது வரைவு. ஆப்பிரிக்காவில் காண்டாமிருகக் கொம்புக்காக நடக்கும் வேட்டையைச் சேர்த்தேன், கிண்டலுக்குத்தான். சத்தியமாகக் கிண்டலுக்குத்தான்.

குழு எழுந்து நிற்காத குறை. "இதுதான்யா நிஜமான ஆபத்து!" என்றார் உர வியாபாரி. ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒஹாயோவின் சதுப்பு நிலத்தில், தவளைக் குளத்துக்குப் பக்கத்தில், எங்கள் வரவேற்பறையில் ஆளுயரக் காண்டாமிருகம் வரப்போகிறது.

ஆசியாவிலிருந்து வந்த கெண்டை மீனையும் ஒரு மனதாக ஏற்றார்கள். கெண்டை தானே டிக்கெட் எடுத்து விமானம் ஏறி வந்ததா, நம் ஆட்கள்தானே பண்ணைக்கு வாங்கி வந்து ஆற்றில் தப்பவிட்டார்கள் என்று கேட்டேன். அந்த வாக்கியத்துக்குச் சுவரில் இடமில்லையாம்.

உள்ளூர் ஆபத்தில் எஞ்சியது பலூன். வானத்தில் விடுகிற பலூன் ஏரியில் விழுந்து, அதன் நூல் பறவைக் காலில் சுற்றிக்கொள்கிறது. பலூன் விற்கிறவர் யாரும் குழுவில் இல்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

பலூனையும் எடுத்துவிட்டார்கள். திறப்பு விழா வாசலில் பலூன் வளைவு வைக்கிறார்களாம்.

மே 2, வியாழன்

இரவெல்லாம் தெற்குக் காற்று. காலையில் மரங்கள் நிறைந்து கிடந்தன. கதிர்க்குருவிகள் வந்துவிட்டன. மஞ்சள், கறுப்பு வரி, ஆரஞ்சுத் தொண்டை. தென் அமெரிக்காவிலிருந்து வருபவை. ஏரியைக் கடந்து கனடாவுக்குப் போகும் முன் இங்கேதான் இளைப்பாறித் தின்னும். கட்டைவிரல் கனம்தான் இருக்கும் ஒவ்வொன்றும். வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்கள் கழுத்தில் தொலைநோக்கியோடு வாய் பிளந்து நிற்கிறார்கள்.

கண்ணாடிக்குக் கீழே புல்லில் வரிசையாகக் கிடந்தன. கையில் எடுத்தால் இன்னும் சூடு. ஒன்றின் தொண்டை நெருப்பு நிறம். மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி வந்திருக்கிறது அது. புயல், பருந்து, பசி எல்லாவற்றையும் தாண்டி, பறவைகளைக் காப்பாற்றக் கட்டிய கட்டடத்தில் வந்து செத்திருக்கிறது.

உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்வது?

லைல் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், முகம் வெளிறிப்போயிற்று. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஓரின் வர்றதுக்குள்ள எடுத்துடுங்க வெர்னா. பொண்டாட்டி பேரு போட்ட சன்னல். அந்தப் பெரிய மனுஷன் தாங்கமாட்டார்."

"வெளிப்பக்கம் கோடு போட்டா போதும் லைல். நெருக்கமா, ரெண்டு விரல் அகலம் விட்டு. இல்ல கயிறு தொங்கவிட்டாலும் போதும்."

"அவர் முன்னாடி போய் உங்க சன்னல்ல கிறுக்கப்போறோம்னு யார் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

நான் சொல்லவில்லை. அவர் தினமும் கைக்குட்டையோடு துடைப்பதைப் பார்த்த வாய்க்கு அது வரவில்லை. ஆகவே என் பதவிக்கு இப்போது புது வேலை: விடிந்ததும் பிணம் பொறுக்குவது.

மே 3, வெள்ளி

பறவைகளை உணவறை உறைபெட்டியில் வைக்கிறேன். ஆராய்ச்சிக்காக எடுத்து வைக்கச் சரணாலயத்துக்கு அரசு அனுமதி உண்டு. சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு செத்த குருவியைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொல்வதற்கு மட்டும் அனுமதி எதுவும் வேண்டியதில்லை, கண்ணாடி இருந்தால் போதும்.

வரவேற்பில் இருக்கும் பெண், தன் உறைந்த பீட்சாவுக்கு மேல் யாரோ குருவி வைத்திருக்கிறார்கள் என்று சீட்டு ஒட்டியிருந்தாள்.

சாயங்காலம் தேவாலயத்து மீன் விருந்தில் ஓரினைப் பார்த்தேன். தட்டு நிறைய பெர்ச் மீன், ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. "எலினோர் இருந்தா இந்த மே மாசத்துக்குப் பைத்தியமா ஆயிடுவா" என்றார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

மே 6, திங்கள்

லைல் தீர்வு கண்டுபிடித்துவிட்டார். கறுப்புப் பருந்து ஸ்டிக்கர். ஒன்று. இரண்டு மாடிக் கண்ணாடியின் ஒரு மூலையில், உள்பக்கமாக, பித்தளைத் தகட்டை மறைக்காமல். அலங்காரம் என்று ஓரினிடம் சொல்லிக்கொள்ளலாமாம்.

ஸ்டிக்கர் பருந்தைப் பார்த்து எந்தக் குருவியும் பயப்படாது, பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தில் போய் மோதும் என்று சொன்னேன். "எதிர்மறையாவே பேசாதீங்க வெர்னா" என்றார்.

மே 8, புதன்

வியப்பு. நேற்றும் இன்றும் புல்லில் செத்துக் கிடந்தவை வெகு குறைவு. தெற்குக் காற்று நிற்கவில்லை, மரங்கள் நிறையப் பறவை. ஆனாலும் குறைவு.

லைல் பருந்தைத் தட்டிக்கொடுத்தார். நிஜமாகவே கண்ணாடி வழியாகத் தட்டிக்கொடுத்தார். குழுவுக்கு மின்னஞ்சல் போய்விட்டது: 'எளிய, சிக்கனமான, அழகைக் கெடுக்காத தீர்வு.' மற்ற சரணாலயங்களுக்கும் எழுதப்போகிறாராம்.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. என் அறிவு இத்தனை வருடமும் தப்பா?

மே 9, வியாழன்

இன்று ஒன்றே ஒன்று. ஆனால் புல் முழுதும் இறகுகள். பனியில் யாரோ நடந்த தடம்.

நரியாக இருக்கலாம். ஆனால் நரி எப்போது செருப்புப் போட ஆரம்பித்தது?

மே 10, வெள்ளி

நன்றாக விடிவதற்கு முன்பே போனேன். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன்.

ஓரின். வீட்டுச் செருப்போடு, பைஜாமாவுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, குனிந்து புல்லில் தேடிக்கொண்டிருந்தார். கையில் மளிகைக் கடைக் காகிதப் பை. என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்த வயதில், அவ்வளவு பெரிய மனிதர்.

"மிஸ்டர் புக்ஹோல்ட்ஸ், என்ன பண்றீங்க இங்க?"

"காத்து வாங்க வந்தேன்."

"பையில?"

பை இன்னும் கொஞ்சம் பின்னால் போயிற்று. கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம், பின்னால் ஏரி சிவந்துகொண்டிருந்தது. அப்போது மேலே ஒரு சத்தம், தொப்பென்று, ஈரத்துணி விழுவது போல. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. பச்சை முதுகுக் குருவி. ஒரு தடவை வாயைத் திறந்தது, அவ்வளவுதான்.

அவர் முட்டியை மெல்ல மடக்கி உட்கார்ந்து அதை எடுத்தார். எடுத்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது.

"உங்களுக்கெல்லாம் தெரிஞ்சா சன்னலை எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். "அவ பேரை எடுத்துடுவீங்க. அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துடறேன். எல்லாத்தையும் அவ லைலாக் செடிக்கிட்ட புதைச்சிருக்கேன். இனிமே அங்க தோண்ட இடமே இல்ல வெர்னா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஐயோ, உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடும்னு நாங்க பொறுக்கிக்கிட்டிருக்கோம்! நீங்க வர்றதுக்கு முன்னாடி! தினமும்!"

அவர் கண்ணாடியின் மூலையைப் பார்த்தார். "அப்போ அந்தப் பருந்து?"

"அது சும்மா."

"அலங்காரம்னு லைல் சொன்னானே. அசிங்கமா இருக்கேன்னு நெனச்சேன். மரியாதைக்காக ஒண்ணும் சொல்லல."

அதாவது எங்கள் ஊர் மரியாதை ஒரு மே மாதத்தில் கொன்றதை ரோஸ்லினின் ஐந்து பூனைகளும் சேர்ந்து கொன்றிருக்காது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். பை மடியிலேயே இருந்தது. "வாழ்நாள் பூரா ஒரே வேலைம்மா எனக்கு" என்றார். "கண்ணாடி கண்ணுக்கே தெரியக் கூடாது. ஒரு குமிழி இருக்கக் கூடாது, ஒரு நெளிவு இருக்கக் கூடாது. தெரிஞ்சா ஆளுங்களைத் திட்டுவேன். இது நாங்க போட்டதிலேயே நல்ல தகடு. ஒரு குத்தம் சொல்ல முடியாது இதுல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அவர் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோடு போட்டால் போதும் என்று சொன்னேன். சோப்பு போதும் இப்போதைக்கு. ஏதோ பெரிய ஆபரேஷன் செலவு சொல்லப்போகிறேன் என்று பயந்திருந்தார் போலிருக்கிறது. "சோப்பா?" என்றார். "துணி சோப்பா, குளிக்கிற சோப்பா?"

லைல் வந்தபோது நான் ஏணி மேல், ஓரின் கீழே. பாதிக் கண்ணாடி கோடு.

"நாளைக்கு விழா! புகைப்படக்காரங்க வர்றாங்க! ஓரின், இது உங்க எலினோர் சன்னல்!"

"அவ சன்னல்தான். அதான் கோடு போடறேன்."

"குழு ஒப்புதல் இல்லாம..."

"நாளைக்கு ரிப்பன் வெட்டறது யாரு லைல்?"

லைல் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். வாரக் கணக்கில் நான் புள்ளிவிவரத்தோடு கெஞ்சிய காரியம், நன்கொடையாளர் ஒரு கேள்வி கேட்டதும் முடிந்தது. நியாயம் ஜெயித்தது என்று எழுத ஆசை. ஜெயித்தது நியாயமில்லை, பித்தளைத் தகடு. குருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நல்லவேளை.

மே 11, சனி

விழா. கண்ணாடி முழுவதும் சோப்புக் கோடு. யாரோ ஒரு அம்மாள் இது நவீன ஓவியமா என்று லைலைக் கேட்டார். லைல் கண் சிமிட்டவில்லை. "ஆரம்பத்திலேருந்தே எங்க வடிவமைப்புல இருந்தது" என்றார்.

காண்டாமிருகத்தோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பலூன் வளைவை அவிழ்த்துவிட்டார்கள். ஏரிக்கு மேல் அழகாகப் போயிற்று. கை தட்டினார்கள். நானும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

மே 13, திங்கள்

காலை. நேற்றிரவும் தெற்குக் காற்று. புல்லில் ஒன்றும் இல்லை. ஓரினைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நிஜமா நீங்க எடுக்கலையே?" என்று கேட்டேன். "படுக்கையில இருக்கேம்மா, விடு" என்றார்.

மே 17, வெள்ளி

குழு கூடியது. சோப்புக்குப் பதில் நிரந்தரமாகக் கயிறு தொங்கவிடுவார்கள். அந்தக் கயிற்றுக்கும் யாரோ பெயர் வைக்கக் கேட்டிருக்கிறார்கள்.

ஆபத்துச் சுவரில் கண்ணாடியையும் எழுதலாம் என்று லைலே சொன்னார், பெருமையோடு. கார் விற்பவருடைய காட்சிக்கூடம் நாலு பக்கமும் கண்ணாடி. அவர் கனைத்தார். கடைசியில் நிறைவேறிய வாக்கியம்: 'சிகாகோ போன்ற பெருநகரங்களில் உயரமான கட்டடங்கள் பறவைகளுக்கு ஆபத்தாக இருக்கலாம்.'

'இருக்கலாம்' ரோஸ்லின் சேர்த்தது.

ஜூன் 2, ஞாயிறு

ஓரினைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். ஸ்டான் பிடித்த பெர்ச், பொரித்தது. முட்டைக்கோஸ் சாலட், பிறகு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு. மனிதர் நன்றாகச் சாப்பிட்டார். தேவாலயத்தில் பார்த்த ஓரின் இல்லை இவர். ஆபத்துச் சுவர் கதையை நான் நடித்துக் காட்டினேன். உர வியாபாரியின் குரலை அப்படியே செய்தேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் ஓரின் எங்கள் பின்கட்டுத் தள்ளுகதவைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவு. "நம்ம தொழிற்சாலைச் சரக்குதான் இது" என்றார். உடனே முகம் மாறியது. "இதுல மோதுமேம்மா?"

"இங்கயா? சேச்சே. இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு, ஒண்ணுகூடப் பாத்ததில்ல. அதெல்லாம் பெரிய கட்டடத்துலதான்."

ஸ்டான் இனிப்பை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"ஸ்டான்?"

"வசந்தத்துலயும், அப்புறம் இலை உதிர்ற சமயத்துலயும்தான்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "காலையில நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி எடுத்துப் போட்டுடுவேன். வேலையில பாக்கறதே உனக்குப் போதும். வீட்டுலயும் அழ வேணாமேன்னு."

ஓரின் கைத்துண்டால் வாயை மூடிக்கொண்டார். இருமலா சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை.

பத்து வருடம்! ஊருக்கெல்லாம் பலகை எழுதுகிறவள் வீட்டில் பத்து வருடம். லைல் ஓரினை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்தாரோ, அப்படியே என் வீட்டுக்காரர் என்னை வைத்திருக்கிறார். கத்த வேண்டும் என்றுதான் எழுந்தேன். அந்த மனிதர் இருட்டோடு எழுந்து, நான் பார்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கியதை நினைத்தேன், கத்த முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவர்மேல் பிரியமாகவும் இருந்தது, அது இன்னும் கஷ்டம்.

குளியலறையில் இருந்தது லாவெண்டர் சோப்பு மட்டும். மேல் பாதிக்கு ஓரின் கோடு போட்டார், கீழ்ப் பாதிக்கு நான். ஸ்டான் உள்ளே நின்றுகொண்டு எந்தக் கோடு கோணல் என்று கண்ணாடி வழியாகக் கை காட்டிக்கொண்டிருந்தார். எல்லாமே கோணல்தான். இருட்டுகிற வரை போட்டோம்.